பனி கண்ணுக்குத் தெரியுது, போட்டோல காணோமே! – கேமரா கேள்வி பதில்

அண்ணா, மார்கழி பூரா விடியக்காலைல பீச்சுக்குப் போய் நிக்கிறேன், ஒருநாள் கூட காலண்டர்ல வர்ற மாதிரி பனி கிடைக்கல. இதுக்கு ஊட்டிக்குத்தான் போகணுமா?
– வாசகர், திருவொற்றியூர்

ஊட்டி எல்லாம் எதுக்கு தம்பி, நீங்க நிக்கிற இடம்தான் சரியில்ல. கடலோரத்துல காத்து அசைஞ்சுட்டே இருக்கும், கடல் தண்ணியும் சட்டுனு குளிராது, போதாததுக்கு ஊரு முழுக்க கான்கிரீட்டு, பகல்ல குடிச்ச சூட்டை ராத்திரி பூரா கக்கிட்டே இருக்கும், அப்புறம் பனி எங்கேந்து இறங்கும்? நமக்கு வேண்டியது வயக்காட்டுப் பனி. ராத்திரி வானத்துல மேகம் இருக்கக் கூடாது, காத்து சுத்தமா நின்னுருக்கணும், மண்ணு ஈரமா இருக்கணும். அப்பதான் தரை தன்னோட சூட்டை எல்லாம் மேல விட்டுட்டு குளிர்ந்து, அதை ஒட்டி இருக்குற ஈரக்காத்தையும் குளிர வைக்கும், அந்த ஈரம் பொடிப்பொடி துளியாகி தரையோட தவழும். வடகிழக்கு பருவமழை அக்டோபர்லேந்து டிசம்பர் வரைக்கும் மண்ணை நனைச்சு வெச்சிடும், மழை விட்டு வானம் வெளுத்த அப்புறம் ஜனவரி, பிப்ரவரிதான் சீசன். அதனால மார்கழி பாதி போனாலும் கவலையில்ல, தை மாசம் இன்னும் பெட்டர்.

கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயினைப் புடிங்க. மீஞ்சூர் தாண்டி அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரப்பேட்டைன்னு போகப் போக ஜன்னல் வழியாவே வயலு, பனைமரம் எல்லாம் வர ஆரம்பிச்சிடும். ஜனவரில நம்ம ஊர்ல சூரியன் வர ஆறரை ஆயிடும், நீங்க ஆறு மணிக்கு வரப்புல நின்னா போதும். சூரியன் வந்துடுச்சு, இனிமே பனி போயிடும்னு உடனே பையை மூடிடாதீங்க, வெயில் பட்ட கொஞ்ச நேரத்துக்குப் பனி இன்னும் கெட்டியாகுற நாளும் உண்டு, நல்ல படமே அந்த நேரத்துலதான் விழும். ஒரே ஒரு விஷயம், தண்டவாளத்துல எறங்கி நின்னு எடுக்காதீங்க. சட்டப்படி குத்தம்ங்கிறது ஒரு பக்கம், பனியில ட்ரெயின் வர்றது கிட்ட வந்த அப்புறம்தான் தெரியும்.

நான் போன்லதான் எடுக்குறேன் சார். நேர்ல பாக்க பளிச்சுன்னு வெள்ளையா இருந்த பனி, போட்டோல அழுக்குத் துணி மாதிரி சாம்பலா இருக்கு. போன் மாத்தணுமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

போனை மாத்தாதீங்க மா, காசை வெச்சுக்கோங்க. விஷயம் என்னன்னா கேமராவுக்குப் பனின்னா என்னன்னே தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியா நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பாக்கும், ஃப்ரேம் பூரா வெள்ளையா இருந்தா "ஐயோ வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு அதுவா குறைச்சிடும், அதான் சாம்பல். நிறைய போன்ல ஸ்க்ரீனைத் தொட்டு அழுத்திப் புடிச்சா ஃபோகஸ் லாக் ஆகும், பக்கத்துல சின்னதா ஒரு சூரியன் வரும், அதை மேல தள்ளுங்க. டிஎஸ்எல்ஆர் வெச்சிருக்கவங்க வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை முக்கா ஸ்டாப்லேந்து (ஸ்டாப்ங்கிறது வெளிச்சத்தோட அளவு) ஒரு ஸ்டாப் வரைக்கும் பிளஸ்ல வைங்க. ஆனா சூரியனே ஃப்ரேமுக்குள்ள வந்துட்டா இந்தக் கணக்கு செல்லாது, அப்ப ஏத்தினா சூரியன் இருக்குற இடம் வெறும் ஓட்டையாயிடும்.

ஏஐ சீன், ஆட்டோ ஹெச்டிஆர்னு படத்தை அதுவா திருத்துற செட்டிங் போன்ல என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. அது பனியை ஒரு கோளாறுன்னு நெனச்சு தொடச்சு விட்டுடும், நாம ராத்திரித் தூக்கத்தை விட்டுட்டு வந்ததே அந்தக் கோளாறுக்குத்தானே. கலரை சரிபண்ற ஒயிட் பேலன்ஸும் அப்படித்தான். ஆட்டோல விட்டா விடியறதுக்கு முன்னாடி இருக்குற நீலத்தையும் அப்புறம் வர்ற மஞ்சளையும் சரி பண்றேன்னு கெடுத்துடும், சூரியன் படம் போட்ட டேலைட்ல வெச்சுட்டு மறந்துடுங்க.

அப்புறம் ஃபோகஸ். வெறும் பனியைப் பாத்தா லென்ஸு முன்னாடியும் பின்னாடியும் அலையும், புடிக்க ஒண்ணும் இருக்காது. கிட்ட இருக்குற பனைமரத்துல மட்டை வெட்டின அடிக்கட்டை சொரசொரன்னு தெரியும் பாருங்க, அதோட ஓரத்துல தொடுங்க, டக்குனு நிக்கும். முதல் மரம் கறுப்பா, அடுத்தது சாம்பலா, அதுக்குப் பின்னாடி இருக்குறது இருக்கா இல்லையான்னு சந்தேகமா தெரியணும், அப்படித் தெரிஞ்சா எக்ஸ்போஷர் கரெக்ட்டுன்னு அர்த்தம்.

எங்க ஏரியால பல நாள் காலைல வெள்ளையாதான் இருக்கு. இது பனியா புகையா?
– வாசகர், எண்ணூர்

நியாயமான கேள்வி, வடசென்னைக்காரன்தான் கேக்க முடியும். பல நாள் ரெண்டும் கலந்துதான் இருக்கும், ஏன்னா பனி இறங்குற அதே காத்தில்லாத ராத்திரில புகையும் மேல போக வழியில்லாம தரையோட தங்கிடும். மூக்குதான் முதல் மீட்டர், பனிக்கு எரிஞ்ச வாடை கிடையாது. பனி பால் வெள்ளையா இருக்கும், வெயில் ஏற ஏற கலைஞ்சிடும், புகை லேசா பழுப்படிச்சு வெயில் ஏறியும் நிக்கும், சூரியனும் மேல வந்த அப்புறம் கூட செங்கல் கலர்லயே இருக்கும். 2018 போகி அன்னிக்குப் புகைமூட்டத்துல சென்னை ஏர்போர்ட்ல விமானமே எறங்க முடியாம திண்டாடுச்சு, ஞாபகம் இருக்கும். புகையையும் எடுங்க, தாராளமா எடுங்க, உங்க ஊரோட படம் அதுதான். ஆனா கீழ "ரம்மியமான பனிக்காலை"ன்னு மட்டும் எழுதிடாதீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

கிட் லென்ஸ் போதுமா, ஜூம் வாங்கணுமா? போலரைசர் போடலாமா?
– வாசகர், செங்குன்றம்

கேமராவோட சேர்ந்து வந்த கிட் லென்ஸ்லயே ஆரம்பிங்க. ஜூம் இருந்தா தூரத்துல இருக்குற மரவரிசை எல்லாம் அடுக்கடுக்கா நெருங்கி வரும், அது தனி அழகுதான், கடன் வாங்கியாவது ஒரு காலைக்கு ட்ரை பண்ணிப் பாருங்க. லென்ஸை விட முக்கியம் நீங்க எந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்கங்கிறது. சூரியனுக்கு முதுகு காட்டி நின்னா பனி சப்பையா இருக்கும், சூரியனைப் பாத்த மாதிரி, இல்ல கொஞ்சம் சாய்வா நின்னாதான் பனிக்குள்ள வெளிச்சம் பத்திக்கும். சூரியனை ஒரு மரத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வைங்க, கதிர் தனித்தனியா பிரிஞ்சு வரும். போலரைசர்னு லென்ஸ் முன்னாடி மாட்டுற ஃபில்டர் வேண்டாம், வெளிச்சம் குறையிறதுதான் மிச்சம்.

கேமராவை வெளிய எடுத்ததும் லென்ஸே பனி புடிச்ச மாதிரி ஆயிடுது, தொடச்சு தொடச்சு கை வலிக்குது.
– வாசகி, வியாசர்பாடி

ராத்திரி ஏசி ரூம்ல வெச்சிருப்பீங்க. குளிர்ந்த கண்ணாடில வெளிய இருக்குற ஈரக்காத்து பட்டா நீர் கோத்துக்கும், அவ்ளோதான். முந்தின ராத்திரியே பையை ஹால்ல வெச்சிடுங்க. மறந்துட்டீங்கன்னா பையைத் திறக்காம அப்படியே வெளிய வைங்க, வெளிச்சூட்டுக்கு வந்த அப்புறம் திறங்க. தொடைக்காதீங்க, இழுவி இழுவி லென்ஸ்ல கோடு விழும்.

டீஹேஸ் ஸ்லைடரை எவ்ளோ தள்ளலாம் அண்ணா?
– வாசகர், ராயபுரம்

எடிட் பண்ற ஆப்ல பனிமூட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறதுதான் டீஹேஸ், அதை வலது பக்கம் தள்ளாதீங்க, பனி போயிடும். இடது பக்கம் அஞ்சு பத்து, அதுவும் வேணும்னா.