வேலை போன நேரத்தில் பழைய கல்லூரி நண்பர்களின் சந்திப்புக்குப் போகலாமா?

கேட்டவருக்கு வேலை போய் சில வாரம்தான் ஆகிறது. கூடப் படித்தவர்கள் எல்லாம் கூடுகிறார்கள், “இப்போ எங்கே வேலை, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்” என்று கேட்பார்களே, எப்படிச் சமாளிப்பது என்கிறார். போங்கள். போய் உள்ளதைச் சொல்லுங்கள், முடிந்தால் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நான் மறைத்து வைத்ததில் எனக்குக் கைக்காசு போனது, அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நான் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் படித்து 1998-இல் வெளியே வந்தவன். அந்த வருஷம் எப்படிப்பட்டது என்று என் வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 1997-இல் தாய்லாந்தில் தொடங்கிய சரிவு எங்கள் ரிங்கிட்டையும் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 என்று அரசாங்கம் கட்டிப்போட்டது. சான்றிதழை நகலெடுக்கச் செலவு செய்த காசு கூட திரும்பி வராத காலம். ஆனால் அப்போது யாரும் எதையும் மறைக்கவில்லை. ஒருவன் பேப்பரில் விளம்பரம் பார்த்தால் நான்கு பேருக்குச் சொல்வான், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் நேர்முகம் என்றால் ஒரே நல்ல சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஃபெர்ரி ஏறினோம். தீவுக்கு வரும்போது மட்டும்தான் டிக்கெட், தீவிலிருந்து போவதற்குக் காசே கிடையாது, அதனால் வேலை தேடிப் போவது இலவசம், தோற்றுத் திரும்புவதற்குத்தான் கட்டணம் என்று சிரித்துக்கொள்வோம். எல்லாருக்குமே வேலை இல்லை, அப்புறம் என்ன வெட்கம்?

25 வருஷம் ஓடியது. ஒருத்தி சுங்கை பட்டாணியில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், இரண்டு பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில், ஒருவன் சிங்கப்பூரில் சம்பாதித்து ஜொகூரில் வீடு கட்டியவன், ஒருவன் பெர்த்தில். எல்லாரும் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருந்தோம். அதில் நல்ல செய்தி மட்டும்தான் வரும்: பதவி உயர்வு, புதுக் கார், மகளுக்குப் பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்பிஎம்மில் எத்தனை ஏ, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைத்ததா இல்லையா (நம் வீடுகளில் இதைவிடப் பெரிய செய்தி வேறு உண்டா?). யார் எதைப் போட்டாலும் ஈப்போக்காரன் ஒருவன் உடனே கேக் படத்தோடு “வாழ்த்துகள்” போடுவான். படித்துவிட்டுத்தான் போடுகிறானா என்று எங்களுக்கு நெடுநாள் சந்தேகம்.

2023 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நான் இருந்த கம்பெனி ஆட்குறைப்பு செய்தது. பெயர் வேண்டாம். ஒரு கடிதம், ஒரு தொகை, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடு, அவ்வளவுதான். மனைவிக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது, குழுவுக்கு நிச்சயமாகத் தெரியாது. அடுத்த வாரமே ஒருவனின் பதவி உயர்வுக்கு நானும் கைதட்டும் படம் போட்டேன்.

டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் கூடினோம். ஹோட்டல் அறையில் மைக்கைக் கையில் கொடுத்து, பெயர், வேலை, எத்தனை பிள்ளைகள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் மாதிரி. இந்த மைக் வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, கல்யாணமே செய்துகொள்ளாத தோழி ஒருத்தி தன் முறை வரும்போது கழிவறைக்குப் போய்விட்டாள், பிறகு வந்து உட்கார்ந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. என் முறை வந்தது. “கன்சல்டன்ட்” என்றேன், இரண்டு பிள்ளைகள் என்றேன், மைக்கைத் தள்ளிவிட்டேன்.

பக்கத்தில் இருந்தவன் என் பழைய அறைத்தோழன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “எப்போடா நிப்பாட்டுனாங்க?” என்றான்.

எனக்கு வாயில் சோறு.

“போன வருஷம் நானும் கன்சல்டன்ட்தான்டா, ஆறு மாசம்.”

இரவு பத்து மணிக்கு மேல் இருவரும் ஒரு நாசி கண்டார் கடையில் போய் உட்கார்ந்தோம். நான்கு வகைக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொன்னான், அன்றும் இன்றும் அதே பழக்கம். சோற்றைப் பிசைந்துகொண்டே, “சொக்சோவுக்கு எழுதிப் போட்டியா?” என்று கேட்டான். சொக்சோ என்பது தொழிலாளர்களுக்கான அரசாங்கச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். நான் விழித்தேன். வேலையிடத்தில் விபத்து நடந்தால்தானே சொக்சோ? அப்படித்தான் அதுவரை நினைத்திருந்தேன். 2018-இலிருந்து வேலை காப்புறுதி என்று ஒன்று இருக்கிறது, நம் சம்பளத்திலேயே மாதாமாதம் பிடிக்கிறார்கள், வேலை போனால் வேறு வேலை தேடும் காலத்துக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, அதற்குப்பின் இன்னும் குறைந்து ஆறு மாதம் வரை கொடுப்பார்கள் (அதிகச் சம்பளக்காரர்களுக்குக் கணக்கில் ஓர் உச்சவரம்பு உண்டு) என்று வரிசையாகச் சொன்னான். சம்பளச் சீட்டில் அந்த வரியை ஐந்து வருஷம் பார்த்திருக்கிறேன், என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

“ஆனா வேலை போன 60 நாளுக்குள்ள போடணும். உனக்கு எத்தனை நாளாச்சு?”

விரல் விட்டு எண்ணினேன். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். நிறுத்திக்கொண்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் தன் தட்டிலிருந்த கோழித்துண்டைப் பாதியாகப் பிய்த்து என் தட்டில் வைத்தான்.

கேட்டவரே, உங்களுக்குச் சில வாரம்தான் ஆகிறது என்றால் முதலில் அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அப்புறம் சட்டையை இஸ்திரி போடுங்கள்.

மறுநாள் பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறினேன். இருக்கையில் உட்கார்ந்ததும் குழுவைத் திறந்து, “ஆகஸ்டில் எனக்கு வேலை போய்விட்டது, நேற்று மைக்கில் சொன்னது பொய்” என்று போட்டேன். தைப்பிங் வருவதற்குள் தலைமையாசிரியர் தன் தம்பியின் கம்பெனியில் ஆள் தேடுவதாகச் சொல்லி எண்ணை அனுப்பினாள். சிங்கப்பூர்க்காரன் தனியாக, “எனக்கும் மார்ச்சோடு முடிகிறது, யாரிடமும் சொல்லாதே” என்று எழுதியிருந்தான்.

ஈப்போக்காரன் கேக் படம் போட்டு “வாழ்த்துகள்” என்றிருந்தான்.