மெஷ் வைத்த இடம் கெட்டியாக இருக்கிறதே, உடம்பு ஏற்கவில்லையா?

கேள்வி: தொடை இடுக்கில் குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா) ஆபரேஷன் செய்து மெஷ் என்கிற வலை வைத்து 2 மாதம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது. ஆனால் தோலுக்கு அடியில் கட்டையாக ஒரு தடிப்பு தட்டுப்படுகிறது, வலி பெரிதாக இல்லை. வலையை என் உடம்பு ஏற்கவில்லையா, திரும்ப எடுக்க வேண்டி வருமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பயப்பட வேண்டியதாகத் தெரியவில்லை. கையில் தட்டுப்படுவது பெரும்பாலும் வலை இல்லை, அதைச் சுற்றி உங்கள் உடம்பே கட்டிய தழும்புத் திசு. அது உருவாக வேண்டும் என்றுதான் வலையையே வைக்கிறோம்.

'ஏற்கவில்லை' என்பது சிறுநீரக மாற்றில் வருகிற பிரச்சினை. அங்கே உள்ளே போவது இன்னொருவருடைய உயிரணுக்கள், அதனால் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியம் என்று அடையாளம் கண்டு தாக்குகிறது. மெஷ் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்கிற ஒருவகை பிளாஸ்டிக் இழை, அதில் உயிரணுவே கிடையாது. அதை வைத்த சில நொடிகளிலேயே ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் இழைமேல் படிந்துவிடும். அப்புறம் வெள்ளை அணுக்கள் வரும், அவற்றின் பின்னால் மேக்ரோஃபேஜ் என்கிற பெரிய விழுங்கணுக்கள் வந்து இழையைத் தின்னப் பார்க்கும், முடியாமல் போகவே பல அணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து ராட்சத அணுக்களாகி இழையோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். அதைச் சுற்றிக் கொலாஜன் என்கிற புரத நார் படிகிறது. தின்ன முடியாததைச் சுற்றி மூடிவிடுவதுதான் உடம்பின் வழி.

இதில் வலையின் கண் அளவு மிக முக்கியம், பலருக்கு இது சொல்லப்படுவதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. கண் சுமார் 1 மில்லிமீட்டருக்குமேல் இருந்தால் ஒவ்வொரு இழையைச் சுற்றியும் தனித்தனியாகத் தழும்பு உருவாகி, நடுவில் சாதாரணத் திசுவும் ரத்தக் குழாயும் வளரும், வலை வளைந்து கொடுக்கும். கண் ரொம்பச் சின்னதாக இருந்தால் பக்கத்துப் பக்கத்துத் தழும்புகள் இணைந்து ஒரே தகடு மாதிரி விறைத்துப் போகும். 10 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) குறைவான நுண்துளையில் இன்னொரு ஆபத்து: 1 மைக்ரான் அளவுள்ள பாக்டீரியா உள்ளே புகுந்துவிடும், அதைவிடப் பல மடங்கு பெரிய விழுங்கணுவால் துரத்திப் போக முடியாது.

புதிதாகப் படிந்த கொலாஜன் முதலில் தாறுமாறாகக் கிடக்கும். பல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஒழுங்காகும், தடிப்பும் அதற்கேற்ப இளகும். தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள், புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், இரண்டுமே ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

சரி, எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்? அந்த இடம் சிவந்து சூடாவது, காய்ச்சல், சீழ் கசிவது, தடிப்பு நாளுக்கு நாள் பெரிதாவது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள். வீக்கம் கடுமையாக வலித்து வாந்தியும் வந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. இருமும்போது புடைத்துப் படுத்தால் உள்ளே போகிறது என்றால் குடலிறக்கம் திரும்பியிருக்கலாம். 3 மாதம் தாண்டியும் எரிச்சலோ சுருக் வலியோ இருந்தால் நரம்பு மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் அடுத்த செக்கப்பில் அந்தத் தடிப்பைக் காட்டுங்கள், தேவைப்பட்டால் ஸ்கேனில் நீர் கோர்த்திருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். போகும்போது, வைத்த மெஷ்ஷின் பெயரும் வகையும் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் கொண்டு போங்கள்.