தாண்டிவிடலாம் என்று கண் சொல்கிறது, கால் எட்டவில்லை

கேள்வி: எனக்கு வயது 67. மொரீஷியஸில் குவாத்ர் போர்ன் நகரில் வசிக்கிறேன். வீட்டில் தடுமாற்றமே இல்லை. சென்ற மாதம் கடைப்பையுடன் தெருவோர வாய்க்காலைத் தாண்ட முயன்றபோது கால் எட்டாமல் விழுந்தேன். கோர் தெ கார்த் மலைக் கோயில் படிகளோ முன்னைவிடச் செங்குத்தாகத் தெரிகின்றன. இது கண் கோளாறா, பயமா?

பதில்: ஐயா, பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஒரு படியின் உயரத்தை நம் கண் அங்குலத்தில் அளப்பதில்லை. நம் உடலையே அளவுகோலாகக் கொள்கிறது. 1984இல் உளவியலாளர் வில்லியம் வாரன் வெளியிட்ட ஆய்வில், நெட்டையரானாலும் குட்டையரானாலும், கையூன்றாமல் ஏற முடியும் என்று இளைஞர்கள் பார்த்த மாத்திரத்தில் சொன்ன உயரம் அவரவர் கால் நீளத்தில் சுமார் 0.88 பங்கில் முடிந்தது. முதுமையில் கால் நீளம் அப்படியே இருக்க, தொடையின் வலிமையும் இடுப்பு மூட்டின் நெகிழ்வும் குறைந்து அந்த எல்லையைக் கீழே இறக்கிவிடுகின்றன. வீட்டுப் படிகள் பழகியவை என்பதால் இந்த மாற்றம் அங்கே வெளிப்படுவதில்லை. பழகாத வாய்க்காலின் முன், அதுவும் கையில் சுமையோடு, பழைய கணக்கை நம்பித்தான் காலை வீசியிருக்கிறீர்கள்.

இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ள முடியும். தைப்பூசத்தன்று முதன்முறையாகக் காவடி எடுப்பவர் தொடக்கத்தில் வாசல் நிலையில் இடித்துக்கொண்டாலும், சிறிது தூரம் நடந்ததும் காவடியின் உயரத்தையும் அகலத்தையும் தம் உடலோடு சேர்த்துக்கொண்டு, தாமாகவே குனிந்து நுழைகிறார். உட்கார்ந்து யோசித்து வருவதன்று இது, நடந்தால்தான் வரும். எனவே வெவ்வேறு தரைகளில், துணையுடன், தினமும் நடந்து பழகுங்கள்.

சரிவு உள்ளதைவிடச் செங்குத்தாகத் தெரிவது எல்லோருக்கும் இயல்பு. 5 பாகைச் சரிவையே பலர் 20 பாகை என்பார்கள். களைப்பு அதை மேலும் கூட்டுமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

தூரப்பார்வைக்கும் வாசிப்புக்கும் ஒரே கண்ணாடியை அணிகிறீர்களா? அதன் கீழ்ப்பகுதி வழியே காலடிப் படி மங்கலாகவே தெரியும். வெளியே செல்ல தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி நல்லது. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 விநாடிகளில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். உங்கள் வயது ஆண்களுக்கு 12க்குக் குறைந்தால் தொடைப் பயிற்சி அவசியம்.

பாதம் மரத்துப்போதல், எழும்போது தலைசுற்றல், மீண்டும் விழுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராயின், தைப்பூச விரதத்துக்கு முன்பே அவற்றின் அளவைக் குறித்து அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.