முதல் லாக்டோஸ் எப்படி உள்ளே போனது?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் ‘லாக் ஓபரான்’ என்று ஒரு படத்தை ராத்திரி முழுக்க உருப்போடுகிறாள். குடலில் கிடக்கிற பாக்டீரியா எந்தச் சர்க்கரையைத் தின்றால் நமக்கென்ன? ரப்பர் வெட்டும் தேனீ வளர்ப்பும் சொல்லிக் கொடுத்தால் போதாதா?
– ஒரு வாசகர், குழித்துறை

பதில்: தேனீ வளர்ப்பு தாராளமாகச் சொல்லிக் கொடுக்கட்டும். மார்த்தாண்டம் பக்கம் அதற்கு ஆள் பஞ்சமில்லை. ஆனால் அதற்காக இதை எடுத்துவிடச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இன்சுலின் போடுகிறவர் இருப்பார். முன்பு அதை மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1978-ல் மனித இன்சுலினை முதன்முதலாக பாக்டீரியாவுக்குள் உண்டாக்கியபோது, இன்சுலினுக்கான ஜீனை ஒட்டவைத்தது உங்கள் மகள் உருப்போடும் அதே லாக் ஓபரானின் ஜீனோடுதான். பாக்டீரியா தந்த இன்சுலினுக்கு 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எனக்கு வருத்தம் அவள் உருப்போடுவதில்தான். 1940-களின் தொடக்கத்தில் பாரிஸில் ழாக் மோனோ என்ற விஞ்ஞானி பாக்டீரியாவுக்கு இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்தார். சில ஜோடிகளில் அது மளமளவென்று பெருகியது, சற்று நேரம் அப்படியே நின்றது, மறுபடி பெருகியது. குளுக்கோஸும் பால் சர்க்கரையான லாக்டோஸும் அப்படி ஒரு ஜோடி. வெந்த மரச்சீனி இலையில் இருக்கும்போது யாரும் மண்வெட்டியோடு விளைக்குப் போவதில்லை அல்லவா? குளுக்கோஸ் தீர்ந்த பிறகுதான் ஈ.கோலை என்ற அந்தக் குடல் பாக்டீரியா லாக்டோஸைத் தொடும். நடுவில் நின்ற நேரம், அதற்கான கருவிகளைத் தயார் செய்த நேரம். ஏன் நின்றது என்ற கேள்வியை மோனோ விடவே இல்லை. பிரான்சுவா ஜாக்கோப்புடன் சேர்ந்து 1961-ல் விடையை வெளியிட்டார். 1965-ல் இருவரோடு ஆந்த்ரே லுவோஃபுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

விடை இதுதான். லாக்டோஸை உள்ளே விடும் கதவுப் புரதத்துக்கும் அதை உடைக்கும் நொதிக்கும் உரிய ஜீன்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த வரிசையும் அதன் வாசலும் சேர்ந்ததுதான் லாக் ஓபரான். அந்த வாசலில் ஒரு அடக்கிப் புரதம் உட்கார்ந்திருக்கிறது. லாக்டோஸ் உள்ளே வந்து, கொஞ்சம் உருமாறி, அடக்கியோடு ஒட்டிக்கொண்டால் அதன் பிடி விடும். ஜீன்கள் வேலையைத் தொடங்கும். குளுக்கோஸ் நிறைய இருந்தால் பிடி விட்டாலும் வேலை மந்தம்தான், கதவும் சரியாகத் திறக்காது.

சரி, இன்று ராத்திரி உங்கள் மகளிடம் இதைக் கேளுங்கள். கதவு உண்டாக லாக்டோஸ் உள்ளே வரவேண்டும். லாக்டோஸ் உள்ளே வரக் கதவு இருக்கவேண்டும். அப்படியென்றால் முதல் லாக்டோஸ் எப்படி நுழைந்தது? போதாததற்கு, லாக்டோஸை உருமாற்றி அடக்கிக்குக் கொடுப்பதும் அதே நொதிதான். விடையை அவள் தானாகக் கண்டுபிடிக்க ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். முடியவில்லை என்றால் மட்டும் சொல்லுங்கள்: அடக்கி எப்போதாவது ஒருமுறை வாசலை விட்டு நழுவுகிறது. அந்த இடைவெளியில் ஒன்றிரண்டு கதவும் கொஞ்சம் நொதியும் உண்டாகி, லாக்டோஸ் வருமா என்று காத்துக் கிடக்கின்றன.