துணை வராவிட்டால் பயணத்தைக் கைவிடுவதா?

கேள்வி: எனக்கு 63 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்பெயினில் சாந்தியாகோ வரை செல்லும் யாத்ரீகர் பாதையை நானும் என் தோழியும் வரும் செப்டம்பரில் நடப்பதாக இருந்தோம். மூட்டுவலியால் அவர் பின்வாங்கிவிட்டார். தனியாகப் போகக் கூடாது என்கிறான் மகன். இணையத்தில் வேறு துணை தேடலாமா, சுற்றுலாக் குழுவில் சேரலாமா, அல்லது தனியாகவே போய்விடலாமா? நான் மூன்று முறை வேளாங்கண்ணிக்கு நடந்திருக்கிறேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் பலமுறை வாசித்தேன். திருச்சியிலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அதை மூன்று முறை நடந்தவருக்குக் கால் கொப்புளத்தைப் பற்றியோ, மூன்றாம் நாள் காலையில் எழும்போது உடம்பு சொல்லும் சாக்குப்போக்குகளைப் பற்றியோ நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த நடைக்கும் நீங்கள் இப்போது போக விரும்பும் நடைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதிலேயே இருக்கிறது.

வேளாங்கண்ணிப் பாதை சமதளம். மூட்டைகளை வண்டி சுமக்கிறது. வழியெல்லாம் மோரும் சோறும் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். சில நாளில் முடிந்துவிடுகிறது. பிரான்சின் சான் ழான் பியே தெ போர் ஊரில் தொடங்கி ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் முடியும் பாதையின் நீளமோ ஏறத்தாழ 780 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் நடந்தாலும் ஐந்து வாரம் ஆகும். முதல் நாளே பிரனீஸ் மலையில் 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறி, மறுபுறம் ரொன்ஸெஸ்வாயெஸ் ஊருக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். நம் வயதில் முழங்காலைப் பதம் பார்ப்பது ஏற்றத்தைவிட இறக்கமே. ஆகவே புறப்படும் முன் மருத்துவரிடம் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வலுவிழப்பது நம்மில் பலருக்கு விழுந்து எலும்பு முறிந்த பிறகே தெரியவருகிறது. கொண்டுபோகவிருக்கும் பையை, உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல், முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்கோட்டைப் படிகளில் வாரம் மூன்று நாள் ஏறி இறங்குங்கள். கொல்லிமலையின் ஆகாய கங்கைப் படிகளில் ஒருமுறை இறங்கி ஏறி, மறுநாளும் ஓய்வெடுக்காமல் 20 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். அந்த இரண்டாம் நாள் உங்கள் முழங்கால் சொல்வதை நம்பலாம்.

இனித் துணை விஷயத்துக்கு வருகிறேன். என் 59ஆம் வயதில், கல்லூரிக் காலத்திலிருந்து பழகிய தோழியோடு ஒரு நெடுநடைக்குப் போனேன். வீட்டில் எங்களுக்குள் ஒரு சொல்கூடத் தடித்ததில்லை. அவர் வேகமாக நடந்து மதியத்துக்குள் ஊர் சேர விரும்புபவர். நான் ஒவ்வொரு மரத்தடியிலும் நிற்பவள். ஐந்தாம் நாள் மாலை இருவரும் பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டோம். அவருக்கு ஈடுகொடுக்க ஓடியதில் என் குதிகால் வீங்கியிருந்தது; எனக்காகக் காத்துக் காத்து அவர் பொறுமை தேய்ந்திருந்தது. யார் மீதும் குற்றமில்லை. நாளின் எந்த நேரத்தில் பிரிந்து நடக்கலாம், எந்த ஊரில் சேரலாம் என்று புறப்படும் முன்பே பேசியிருந்தால் அந்த மாலை வந்திருக்காது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு நட்புக்கே இந்த நிலை என்றால், இணையத்தில் கிடைக்கும் முன்பின் அறியாதவரோடு ஐந்து வாரத்தையும் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படித் தேடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. லண்டனிலும் அமெரிக்காவிலும் இந்தப் பாதையை நடப்பவர்களுக்கான சங்கங்கள் இருக்கின்றன. துணை தேடும் பெண்கள் அங்கே ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். நீங்களும் தேடினால், முதலில் முகம் பார்த்துப் பேசுங்கள். எத்தனை மணிக்கு எழுவார், நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் நடப்பார், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் நிற்பதா போவதா என்பவற்றைக் கூச்சமின்றிக் கேளுங்கள். ஒரே ஊர்க்காரராக இருந்தால் இரண்டு நாள் சேர்ந்து நடந்து, ஓர் இரவாவது ஓர் அறையில் தங்கிப் பாருங்கள். பணமும் பயணச்சீட்டும் தனித்தனியாக இருக்கட்டும். முதல் வாரம் மட்டும் சேர்ந்து நடப்போம், பிறகு பார்ப்போம் என்ற அளவில் பேச்சை முடியுங்கள்.

சுற்றுலாக் குழுவை நான் பரிந்துரைக்க மாட்டேன். கால் வீங்கினாலும் அன்றிரவுக்குப் பதிவு செய்த விடுதியைச் சேர்ந்தே ஆக வேண்டும் என்பது நம் வயதுக்கு நல்லதல்ல.

நான் சொல்வது, தனியாகப் போங்கள் என்பதே. இந்தப் பாதையில் தனியாகப் புறப்படுவதும் தனியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். ஒரே நாளில் சான் ழானிலிருந்து கிளம்புகிறவர்கள் அல்பெர்கே எனப்படும் யாத்ரீகர் விடுதிகளில் மாலைதோறும் திரும்பத் திரும்பச் சந்தித்துக்கொள்கிறார்கள். நான்காம் நாளுக்குள் உங்கள் நடைவேகத்துக்கு ஒத்த இரண்டு மூன்று பேரைக் கால்களே கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். நடையை முடித்துச் சாந்தியாகோவில் அதற்கான சான்றிதழ் பெறுவோரில் இப்போது பாதிக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். அறுபதைக் கடந்தவர்களை அங்கே யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை.

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையை, 3,300 கிலோமீட்டர் தொலைவை, ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த எம்மா கேட்வுட் என்ற மூதாட்டியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அப்போது அவருக்கு வயது 67. பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். கணவரிடம் பல ஆண்டுகள் அடிபட்டு, விடுபட்டு வந்தவர். காலில் சாதாரணத் துணிக் காலணி, தோளில் தானே தைத்த துணிப்பை, மழைக்கு ஒரு குளியலறைத் திரை. பிள்ளைகளிடம் நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பலரும் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அவர் வடக்கு முனையிலிருந்து தொடங்கி, வழிதவறி, மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்டு, வனக்காவலர்கள் சொன்னதால் வீடு திரும்பினார் என்பதும், மறு ஆண்டு தெற்கு முனையிலிருந்து தொடங்கினார் என்பதும் நமக்கு அதைவிட முக்கியம். வழியில் முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டிச் சோறும் படுக்க இடமும் கேட்டிருக்கிறார். தனியாக நடந்தவர் மனிதர்களை ஒதுக்கியவர் அல்லர்.

உங்கள் மகனின் அச்சத்தைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். 2015ஆம் ஆண்டில் இந்தப் பாதையில் ஆஸ்தோர்கா நகருக்கு அருகே, தனியாக நடந்த அமெரிக்கப் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். ஆள் நடமாட்டம் குறைந்த பகுதிகளில் ஆண்களால் தொல்லைக்கு உள்ளான பெண்களின் அனுபவங்கள் 2024இல் செய்திகளாக வந்தன. ஆண்டுக்குப் பல லட்சம் பேர் நடக்கும் பாதையில் கொலை என்பது மிக அரிது. தொல்லை அவ்வளவு அரிதன்று. ஆகவே சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். வெயிலுக்கு முன் நடக்க அதிகாலை மூன்று மணிக்கே கிளம்பும் நம் பாதயாத்திரை வழக்கத்தை விட்டுவிடுங்கள். செப்டம்பர் நடுவில் சாந்தியாகோ பக்கம் சூரியன் உதிக்கவே காலை எட்டு மணியாகிவிடும். வெளிச்சம் வந்த பிறகு, அல்லது விடுதியில் யாராவது கிளம்பும்போது அவர்கள் பின்னால் கிளம்புங்கள். வழியில் புர்கோஸ், லெயோன் நகரங்களுக்கு இடையே நிழலற்ற சமவெளி ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீள்கிறது; அங்கே துணையோடு நடப்பது மனத்துக்கும் நல்லது. அவசர எண் 112. ஸ்பெயின் காவல்துறையின் அலர்ட்காப்ஸ் என்ற செயலியைத் தொலைபேசியில் ஏற்றிக்கொண்டால், ஆபத்து நேரத்தில் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். மகனோடு ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாலை ஏழு மணி என்றால் இங்கே இரவு பத்தரை. அதற்குள் நீங்கள் தங்கும் விடுதியின் பெயர் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். தினமும் தவறாமல் அது வந்தாலே அவருடைய அச்சம் பாதி குறைந்துவிடும்.

முதல் மூன்று இரவுகளுக்கு மட்டும் இப்போதே இடம் பதிவு செய்யுங்கள். முதல் நாள் மலையை ஒரே மூச்சில் கடக்க வேண்டாம். எட்டாவது கிலோமீட்டரில் ஓரிசோன் என்ற தங்குமிடம் இருக்கிறது, அங்கே தங்கி மறுநாள் மீதியைக் கடக்கலாம். விடுதியில் கீழ்க்கட்டில் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பெயின், பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு தேவை. நீங்கள் சைவம் என்றால் கவனம் வேண்டும்: காய்கறிக் கலவையில் சூரை மீனும், பருப்புச் சூப்பில் இறைச்சித் துண்டும் சொல்லாமலேயே வந்துவிடும்.

இன்னும் ஒன்று. உங்கள் தோழி முழுவதுமாக விலகியே ஆக வேண்டுமா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். சாந்தியாகோவுக்கு 115 கிலோமீட்டர் முன்னால் சாரியா என்ற ஊர் இருக்கிறது. ரயிலிலேயே அங்கே வந்து சேரலாம். நடந்து வருபவர்கள் சான்றிதழ் பெறக் கடைசி 100 கிலோமீட்டர் போதும். ஸ்பெயினின் அஞ்சல் துறையே கட்டணம் வாங்கிக்கொண்டு பைகளை ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. பையில்லாமல், நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தால் பத்து நாளில் முடிந்துவிடும். அவருடைய முழங்கால் அந்த அளவுக்கு ஒத்துழைக்கும் என்று மருத்துவர் சொன்னால், அக்டோபரில் நீங்கள் அங்கே வந்து சேரும் நாளைக் கணக்கிட்டு, சாரியா ரயில் நிலையத்தில் காத்திருப்பதாக இன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.