துப்பாக்கி கேம் விளையாடும் பிள்ளை வன்முறையாளன் ஆகிவிடுவானா?

கேள்வி: என் மகனுக்கு வயது 13. எதிரிகளைச் சுட்டு வீழ்த்தும் ஆன்லைன் கேம் ஒன்றை தினமும் விளையாடுகிறான். பள்ளி நாட்களில்கூட 3 மணி நேரம் ஆகிவிடுகிறது. நிறுத்தச் சொன்னால் கத்துகிறான். போன வாரம் தங்கையைப் பிடித்துத் தள்ளிவிட்டான். 'இப்படியே விட்டால் நாளைக்கு நிஜமாகவே ஆயுதம் எடுப்பான்' என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். 'அது வெறும் விளையாட்டு, விடு' என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இந்த கேமால் உங்கள் மகன் ஆயுதம் எடுப்பான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அதே சமயம், கத்துவதையும் தள்ளுவதையும் 'வெறும் விளையாட்டு' என்று விட்டுவிடவும் முடியாது. இந்த இரண்டு விஷயங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் முடியாமல் நீள்கிறது. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் இரண்டையும் பிரித்தே சொன்னது: கத்துவது, தள்ளுவது போன்ற நடத்தைகளோடு வன்முறை கேம்களுக்குச் சிறிய தொடர்பு உண்டு, ஆனால் கடும் வன்முறைக்கு அவையே காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை.

ஆய்வுகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று நீங்கள் யோசிக்கலாம். பல ஆய்வகச் சோதனைகளில், கேம் ஆடி முடித்தவர் எதிராளியின் காதில் எவ்வளவு பெரிய இரைச்சலை ஒலிக்கவிடுகிறார், காரம் பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு கார சாஸ் ஊற்றித் தருகிறார் என்பதைத்தான் அளக்கிறார்கள். அந்த நேரத்துக் கோபச் சூட்டை அது காட்டும். ஒருவர் நாளை குற்றம் செய்வாரா என்பதைக் காட்டாது. நீண்ட நாள் கவனித்த 24 ஆய்வுகளை, 17,000-க்கும் மேற்பட்ட சிறுவர்களின் தகவலோடு 2018-ல் தொகுத்துப் பார்த்தபோது, இந்த கேம்களை அதிகம் ஆடியவர்களிடம் பிற்பாடு அடிதடி சற்றே கூடுதலாக இருந்தது. வித்தியாசம் சிறியதுதான். 2019-ல் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் 1,000 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களின் நடத்தையைப் பெற்றோரிடம் கேட்டு மதிப்பிட்டார்கள். அதில் தொடர்பே தென்படவில்லை. பெரியவர்களை 2 மாதம் தினமும் ஜிடிஏ 5 என்ற வன்முறை கேமை ஆடவைத்த ஜெர்மானிய ஆய்விலும் அவர்களின் முரட்டுத்தனம் கூடவில்லை. கேம்களுக்கு நிறையச் செலவழிக்கும் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் கொலைக் குற்றங்கள் மிகக் குறைவு என்பதையும் உங்கள் உறவினர்களிடம் சொல்லுங்கள்.

திரையில் தெறிக்கும் ரத்தத்தைவிட, தோல்வியும் பாதியில் நிறுத்தப்படுவதும்தான் உங்கள் மகனை அதிகம் உசுப்புகின்றன என்பது என் கணிப்பு. வன்முறையே இல்லாத கேமாக இருந்தாலும், போட்டி கடுமையாக இருந்தால் கோபம் ஏறும். கேமை இயக்கும் பட்டன்கள் கைக்கு வசப்படாமல் திணறவைத்தாலும் ஏறும். 2011-லும் 2014-லும் வந்த ஆய்வுகள் இதைக் காட்டின. உங்கள் வீட்டில் நடப்பதை அவன் பக்கமிருந்து பாருங்கள். 20 நிமிடம் உயிர்பிழைத்து, நான்கு பேர் மட்டும் மிஞ்சியிருக்கும் கட்டத்தில் 'இப்பவே வை' என்ற குரல் வருகிறது. வைத்தால் ஆட்டம் போகும், அணியில் இருப்பவர்கள் திட்டுவார்கள், சில கேம்களில் பாதியில் வெளியேறியதற்கு அபராதமும் உண்டு. இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும் அந்த நொடியில் குறுக்கே வந்தவள் தங்கை. தள்ளியது தவறுதான். அது ஏன் அந்த நொடியில் நடந்தது என்பது தெரிந்தால்தான் தடுக்க முடியும்.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் 2 வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: எந்த கேம், எப்போது தொடங்கினான், எப்போது நிறுத்தினான், எப்படி முடிந்தது (ஜெயித்தானா, தோற்றானா, நீங்கள் நிறுத்தினீர்களா), அடுத்த 10 நிமிடத்தில் என்ன நடந்தது, எத்தனை மணிக்குத் தூங்கினான். இந்த நாட்களில் அறிவுரை வேண்டாம். பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும். இரவு நேர ஆட்டத்துக்குப் பிறகு மட்டும் வெடிக்கிறான் என்றால் பிரச்சினை தூக்கத்தில் இருக்கிறது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்த பிள்ளைக்கு எரிச்சலும் அவசரமும் கூடும். கேமைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள். படுப்பதற்கு 1 மணி நேரம் முன்பு கடைசி ஆட்டம் முடிய வேண்டும். போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் இருக்கட்டும், உங்களுடையதும்.

நேரத்தைக் கடிகாரத்தால் அளக்காமல் ஆட்டக் கணக்கில் அளந்துகொள்ளுங்கள். ஒரு ஆட்டம் அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடும் என்று அவனிடமே கேளுங்கள். 25 நிமிடம் என்றால், 8 மணிக்கு நிறுத்த வேண்டியவன் 7.35-க்குப் பிறகு புது ஆட்டம் தொடங்கக் கூடாது. 7.30-க்குப் பக்கத்தில் போய் நின்று, 'இதுதான் கடைசி' என்று ஒரு முறை சொல்லுங்கள். அடுத்த அறையிலிருந்து கத்திச் சொல்வது எடுபடாது. பள்ளி நாளில் எத்தனை ஆட்டம் என்பதை அமைதியாக இருக்கும் பகல் வேளையில் இருவருமாகப் பேசி முடிவு செய்து எழுதி ஒட்டுங்கள்.

புது விதி வந்த முதல் ஒன்றிரண்டு வாரம் கத்தல் கூடத்தான் செய்யும். 'இது வேலைக்காகவில்லை' என்று பல பெற்றோர் இந்த இடத்தில்தான் விட்டுக்கொடுக்கிறார்கள். அப்படி விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும். விதியைத் தளர்த்தாதீர்கள். உங்கள் குரலும் உயர வேண்டாம். கையிலிருந்து போனைப் பிடுங்காதீர்கள். கைகலப்பு தொடங்குவதே அங்கிருந்துதான். 15 நிமிடம் விலகியிருந்துவிட்டுப் பேசுங்கள்.

தங்கையைத் தொட்டால் தனிக் கணக்கு. யாரையாவது தள்ளினால் மறுநாள் கேம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்து, சொன்னபடியே செய்யுங்கள். ஒரு மாதம் பிடுங்கி வைப்பது வேண்டாம். மூன்றாம் நாளே இழக்க எதுவும் இல்லை என்ற நிலைக்கு அவன் வந்துவிடுவான். பிறகு உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. மகளிடமும் தனியே பேசுங்கள். இதற்கு முன்பும் அடிபட்டிருக்கிறாளா என்று கேளுங்கள்.

வாய்ஸ் சாட்டை ஒரு நாள் அவனோடு உட்கார்ந்து கேளுங்கள். முன்பின் தெரியாத பெரியவர்களின் வசவு அதில் ஓடிக்கொண்டிருந்தால், கேமை நிறுத்தாமலே தெரிந்த நண்பர்கள் மட்டும் பேசும்படி செட்டிங்ஸை மாற்றிவிடலாம். பல வீடுகளில் கெட்ட வார்த்தைகள் வரும் வழி இதுதான். ஐரோப்பாவில் கேம்களுக்குப் பயன்படும் பெகி வயது மதிப்பீட்டில் 18 என்று போட்டிருந்தால், அது உள்ளடக்கம் பெரியவர்களுக்கானது என்று பொருள். கேம் கடினமானது என்று பொருளல்ல. 13 வயதுக்கு அப்படிப்பட்ட கேம் வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில், 2022 முதல் கேமிங் கோளாறு ஒரு நோயாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட கேமே முக்கியமாகிவிடுவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது, படிப்போ உறவுகளோ உடல்நலமோ கணிசமாகச் சீர்குலைவது ஆகியவை வழக்கமாக 12 மாதம் நீடித்தால் அப்படிச் சொல்வோம். 3 மணி நேரம் ஆடுவது மட்டும் நோயாகாது. ஆனால் கேம் கையில் இல்லாத நேரத்திலும் எரிச்சல், நண்பர்களை விட்டு விலகல், மதிப்பெண் சரிவு, பசியின்மை என்றிருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். இந்த வயதில் அது அழுகையாக வராமல் கோபமாகவும் வரும். கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ஏடிஎச்டி), பள்ளியில் யாராவது மிரட்டுவது ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றில் எது தெரிந்தாலும், அல்லது 6 வாரம் முயன்றும் தள்ளுவது நிற்காவிட்டாலும், குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவனிடம் தனியாகவும் பேசச் சொல்லுங்கள்.

விலங்குகளைத் துன்புறுத்துவது, தீ வைப்பது, குறிப்பிட்ட ஒருவரின் பெயரைச் சொல்லித் திட்டத்தோடு மிரட்டுவது, நிஜ ஆயுதத்தைத் தேடுவது, சாக வேண்டும் என்று பேசுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் 6 வாரம் காத்திருக்காதீர்கள். அவன் எந்த கேமும் ஆடாதவனாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.