தாரா சிங்கை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

வணக்கம் ஐயா,

பிடோக்கில் நாங்கள் ஆறு பேர் ஞாயிறு மாலைகளில் கூடிப் பழைய மல்யுத்தக் காட்சிகளைத் தேடியெடுத்துப் பெரிய திரையில் பார்க்கிறோம். அடுத்த மாதம் முழுக்கத் தாரா சிங்தான் என்று முடிவாகியிருக்கிறது. எங்கள் அப்பாக்கள் ஹேப்பி வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் ‘கிங் காங்’ என்ற பெயரில் ஆடிய மல்யுத்தக்காரரையும் தாரா சிங்கையும் பார்த்த தலைமுறை. கிங் காங்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றியடித்தார், ஐந்நூறு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்றெல்லாம் கேட்டு வளர்ந்தோம். இவற்றை எவ்வளவு நம்பலாம்? எந்த வரிசையில் பார்ப்பது? ராமாயணத் தொடரில் அனுமனாக வந்ததையும் சேர்க்கலாமா, இல்லை அது தனிக் கதையா? குழுவில் ஒருவர், “எல்லாம் பேசி வைத்து ஆடுவது, இதில் பார்க்க என்ன இருக்கிறது?” என்கிறார். அவருக்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்,
பிடோக், சிங்கப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அனுமனைக் கட்டாயம் சேருங்கள். அவரை விட்டுவிட்டால் பாதித் தாரா சிங்தான் மிஞ்சுவார். கோதாவில் கற்ற வித்தை அத்தனையும் அந்தத் தொடரில் வேறு உருவத்தில் இருக்கிறது. ஆனால் அதைக் கண்டுகொள்ள முதலில் கோதாவைப் பார்த்திருக்க வேண்டும். அதனால் அனுமன் கடைசி ஞாயிறுக்கு இருக்கட்டும்.

உங்கள் நண்பரின் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம். ஆமாம், தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். பேசி வைக்க முடியாதது விழுவது. பலகை மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி, அவ்வளவுதான் தளம். மல்லாந்து விழுகிறவர் தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கைகளும் தளத்தை ஒரே நேரத்தில் அறைய வேண்டும். மேல்முதுகு முழுவதும் ஒரே கணத்தில் பட்டால்தான் அடி பரவும். தாடை தூக்கிக்கொண்டால் பின்மண்டை போய் மோதும். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போய்விடும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் இப்படி ஓர் இரவில் பத்துப் பதினைந்து முறை விழுந்து, மறுநாள் வேறு ஊரில் மறுபடி விழ வேண்டும். அதில் நடிப்பு என்று சொல்ல ஏதுமில்லை. உங்கள் நண்பரை ஓர் ஆட்டம் முழுக்கத் தோற்பவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வென்றவரைப் பெரியவராக்குவது எதிரே இருப்பவரின் உடம்புதான் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

இனித் தாரா சிங். 1928 நவம்பர் 19-ல் அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்மூசக் கிராமத்தில் பிறந்தவர். 1940-களின் கடைசியில் சிங்கப்பூருக்கு வந்து பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். கிரேட் வோர்ல்டு அரங்கில் ஹர்னாம் சிங்கிடம் பயிற்சி எடுத்தார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலேயா சாம்பியனானார். ஊருக்குத் திரும்பும்போது அவர் தொழில் தெரிந்த ஆட்டக்காரர். தொழில்முறைக் கலையில் அவருக்குப் பள்ளிக்கூடம் இந்த ஊர். சிங்கப்பூரில் இருந்துகொண்டு அவரைப் பார்க்கிற நாம் இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பஞ்சாபின் மண் கோதாவில் எதிராளியை மல்லாத்தி இரண்டு தோள்களையும் மண்ணில் தொட வைத்தால் ஆட்டம் அந்த நொடியே முடிந்தது. எண்ணிக்கை எதுவும் கிடையாது. கயிறு கட்டிய மேடையில் தோள்கள் படிந்த பிறகு நடுவர் மூன்று எண்ண வேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு தோளை உயர்த்தினால் ஆட்டம் தொடரும். அந்த ஒரு நொடி இடைவெளிதான் மொத்தத் தொழிலுமே. கூட்டம் எழுந்து நிற்பது அங்கேதான். மண்ணில் பழகியவருக்குத் தோள் படுவதே அவமானம். மேடைக்கு வந்தவர் தோளைப் படவிட்டு மீளக் கற்றுக்கொள்ள வேண்டும். கிடைக்கிற துண்டுப் படங்களில் தாரா சிங்கின் தோள் எத்தனை முறை தளத்தைத் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பூட்டு ‘இண்டியன் டெத்லாக்’. எதிராளியின் ஒரு கணுக்காலை மடக்கி மறு முழங்காலின் பின்மடிப்பில் செருக வேண்டும். அந்த முடிச்சுக்குள் தன் காலை நுழைத்துக் கொக்கி போட்டுக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும். சாய்கிறவரின் முழு எடையும் எதிராளியின் முழங்காலில் இறங்கும். செருகிய கணுக்கால் மடிப்பில் ஆழமாக உட்காராவிட்டால் சாயும்போதே பூட்டு நழுவிவிடும். ஆழம் கூடிவிட்டால் முழங்காலின் தசைநார் உண்மையாகவே கிழியலாம். அதனால் பூட்டுகிறவர் மெதுவாகச் சாய்வார். அந்த நிதானம் பார்வையாளருக்குக் கொடூரமாகத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு அதுதான் பாதுகாப்பு.

கிங் காங் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய இயற்பெயர் எமீல் சாயா. இன்றைய ருமேனியாவில் இருக்கும் பிராசோவில் பிறந்தவர். சிங்கப்பூரை வீடாக்கிக்கொண்டு, 1970-ல் கார் விபத்தைத் தொடர்ந்து மறைந்தார். விளம்பரங்களில் 400 ராத்தல் என்ற கணக்கிலேயே அவர் பெயர் வரும். அதாவது 181 கிலோ. ஏற்பாட்டாளர் அறிவிக்கிற எடையில் எப்போதுமே கொஞ்சம் உபரி இருக்கும், ஆனால் அவருடைய பருமனைப் படங்களில் யாரும் பார்க்கலாம். இத்தனை எடையைத் தூக்க முடியுமா? தோளில் ஏற்ற முடியும், தூக்கப்படுகிறவர் உதவினால். அவர் முதலில் தன் இடுப்பை மடித்துத் தூக்குகிறவரின் தோளில் கவிழ வேண்டும். அவர் தொப்புள் தூக்குகிறவரின் பிடரிக்கு நேராக வர வேண்டும். தூக்குகிறவர் முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி வைத்துத் தொடையால் எழ வேண்டும். கவிழ்கிறவர் ஒரு சாண் தள்ளிக் கவிழ்ந்தாலும் சுமை ஒரு பக்கம் இழுத்து, தூக்குகிறவரின் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ‘ஏரோப்ளேன் ஸ்பின்’ என்கிற சுழற்றல் இப்படித் தோளில் வைத்துச் செய்வது. கண்ட நினைவில் தோள் ‘தலைக்கு மேல்’ ஆகிவிடுவது இயல்பு. பதினைந்து வரிசை தள்ளி உட்கார்ந்து பார்த்தவருக்கு இரண்டும் ஒரே உயரம்தான். உங்கள் அப்பாக்கள் சொன்னதைப் பொய் என்று தள்ள வேண்டாம். அவர்கள் பார்த்ததில் பாதி கிங் காங்கின் சாமர்த்தியம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இணையில் நான் அவரைத்தான் ஒரு படி மேலே வைப்பேன். எடையைச் சுமந்தவருக்குக் கைதட்டல் கிடைத்தது, தன் எடையைச் சுமக்கக் கொடுத்தவரை யாரும் கவனிக்கவில்லை.

‘ஐந்நூறு ஆட்டம், தோல்வியே இல்லை’ என்பதைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம். அது விளம்பர வாசகம். தேதி, ஊர், எதிராளி மூன்றும் இருந்தால்தான் அது கணக்கு. அப்படி நிற்கிற சில புள்ளிகள் உண்டு. 1954-ல் பம்பாயில் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று ருஸ்தம்-ஏ-ஹிந்த், அதாவது இந்தியாவின் சாம்பியன் என்ற பட்டம். 1959-ல் கல்கத்தாவில் கனடாவின் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் பட்டம். இந்தக் கோர்டியென்கோ நல்ல ஓவியர், நிஜப் பிடிச்சண்டையிலும் சக ஆட்டக்காரர்களே மதித்த ஆள். 1968 மே 29-ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்றது அடுத்த புள்ளி.

அந்தக் கடைசி ஆட்டத்தை ‘உலக சாம்பியனை வீழ்த்தினார்’ என்று எழுதும்போது கொஞ்சம் கவனம் தேவை. அன்று ஒரே உலகப் பட்டம் என்று ஒன்று கிடையாது. பெரும்பாலானோர் மதித்த, அமெரிக்காவின் நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் (என்.டபிள்யு.ஏ.) அமைப்பின் பட்டத்தை 1966 ஜனவரி 7-லேயே தெஸ் ஜீன் கினிஸ்கியிடம் இழந்துவிட்டார். பம்பாயில் ஆடியபோது தெஸ்ஸுக்கு வயது 52, தாரா சிங்குக்கு 39. இதனால் ஆட்டம் சிறுத்துவிடாது. தெஸ் போன்ற ஒருவர் அந்த வயதில் வந்து, அந்த ஊர்க் கூட்டத்தின் முன் தோற்கச் சம்மதித்ததே ஒரு மரியாதை. தொழிலுக்குள் இருந்தவர்கள் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சிங்கப்பூர் ஆட்டங்களைத் தேட, தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ் இணையக் காப்பகமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி இருக்கிறது. ஆளின் பெயரில் தொடங்காதீர்கள். அச்செழுத்தை இயந்திரம் படித்து ஏற்றிய பக்கங்களில் ‘தாரா’ நாலு விதமாகச் சிதைந்து கிடக்கும். அரங்கின் பெயரோடு மல்யுத்தம் என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து, தேதியை ஆறு மாதத்துக்குள் வரம்பு கட்டித் தேடினால் பலன் அதிகம். கிங் காங் என்று மட்டும் போட்டால் குரங்குப் படத்தின் விளம்பரங்கள் வந்து குவியும். ஆட்ட நாளில் வருவது விளம்பரம், மறுநாளோ அதற்கடுத்த நாளோ வருவதுதான் முடிவு. எதிராளி கடைசி நேரத்தில் மாறுவது சாதாரணம் என்பதால் விளம்பரத்தை வைத்து ‘ஆட்டம் நடந்தது’ என்று எழுதிவிடக் கூடாது. சில பக்கங்களை நூலகத்துக்குள் இருக்கும் கணினியில்தான் திறக்க முடியும். விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்கு ஒரு நடை போய்வந்தால் வேலை முடிந்தது. பழைய தமிழ்ப் பத்திரிகை கையில் கிடைத்தால் மல்யுத்தம், குஸ்தி, பயில்வான் மூன்று சொற்களுக்கும் கண் வையுங்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. தாரா சிங்கின் தம்பி ரந்தாவாவும் மல்யுத்தக்காரர், நடிகரும்கூட. தலைப்புத் தவறாகப் போட்ட படத்துண்டுகளில் அண்ணன் தம்பி மாறிப்போக வாய்ப்பு நிறைய.

திரையைச் சரிசெய்யாமல் உட்காராதீர்கள். பழைய படத்துண்டு நாலுக்கு மூன்று என்ற சட்டகத்தில் எடுத்தது. உங்கள் தொலைக்காட்சி பதினாறுக்கு ஒன்பது. அமைப்பை ‘நிரப்பு’ என்று விட்டுவைத்தால் உடம்பின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடித் தெரியும். தாரா சிங்கே கிங் காங் போல ஆகிவிடுவார், எடை வித்தியாசத்தைப் பற்றிப் பேசவே முடியாது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள். செய்திப்படங்களில் கேட்கிற கூட்டத்தின் ஆரவாரம் பெரும்பாலும் பிறகு ஒட்டியது. முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், இரண்டாவது தடவை நடுவரை மட்டும் பாருங்கள். அவர் சும்மா நிற்கவில்லை. நேரத்தையும் அடுத்த நகர்வையும் இருவருக்கும் நடுவே எடுத்துச் செல்கிறவர் அவர்தான்.

திரைப்படங்களில் இரண்டு போதும். 1962-ல் பாபுபாய் மிஸ்திரி இயக்கிய ‘கிங் காங்’, மறு ஆண்டு வந்த ‘ஃபௌலாத்’. சண்டைக் காட்சிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். மேடையில் ஒரு பிடி தொடங்கி முடியும் வரை ஒரே பார்வையில் நடக்கும். படத்தில் கேமரா மூன்று துண்டாக வெட்டும், அதனால் எடை காணாமல் போகிறது. கேமரா விலகி நின்று முழு உடம்பையும் காட்டுகிற இடங்களில் மட்டும் தாரா சிங் திரும்பி வருகிறார்.

கோதாவிலிருந்து 1983-ல் தில்லியில் விடைபெற்றார். ராமானந்த் சாகரின் ராமாயணம் தூர்தர்ஷனில் 1987 ஜனவரி 25-ல் தொடங்கியது, அப்போது அவருக்கு 58 வயது. 1976-லேயே ‘பஜ்ரங்பலி’ படத்தில் அனுமனாக வந்திருந்தார். தொடரை முழுக்கப் பார்க்க வேண்டாம், கிஷ்கிந்தையில் தொடங்குங்கள். இங்கேயும் சட்டகத்தைக் கவனியுங்கள். அகலத் திரைக்காக வெட்டி ஏற்றிய பதிவுகளில் மேலும் கீழுமாகப் படத்தின் கால்பங்கு போயிருக்கும். போவது அனுமனின் கிரீடமும் பாதமும்தான். பாதம் தெரியாவிட்டால் அவர் நிற்கும் நிலை தெரியாது. கால்களை அகட்டி, எடையை இரண்டு குதிகாலிலும் சமமாக இறக்கி நிற்பார். பிடிக்கு முன்பு மல்யுத்தக்காரர் நிற்கிற நிலை அது.

முகத்தில் வாயை ஒட்டிக் குரங்கு முகப்பு உப்பலாக ஒட்டியிருப்பதால் உதடும் கன்னமும் நடிக்க முடியாது. மிஞ்சுவது கண், கழுத்து, தோள், கை. கடைசி வரிசைக்கும் தெரியும்படி உடம்பால் பேசப் பழகியவருக்கு இது புதிதில்லை. தலையைத் திருப்புமுன் தோளைத் திருப்புவார், கையை உயர்த்தி ஒரு கணம் அப்படியே நிறுத்துவார். நமக்கு அனுமன் சொல்லின் செல்வன். தாரா சிங்கின் பஞ்சாபி வாடை வீசும் இந்தியில் அந்தச் செல்வத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். சொல்லில்லாத இடங்களில் தேடுங்கள்.

அசோகவனத்தில் சீதைக்கு முன் கைகூப்பி மண்டியிடுகிற காட்சியை ஒலியில்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். அத்தனை பெரிய உடம்பு, முழங்கால் மடங்கியதும் தோள்களை உள்ளே இழுத்து, கழுத்தைத் தாழ்த்தி, கண்ணுக்கு முன்னாலேயே சிறுத்துவிடும். எதிரே இருப்பவர் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் உடம்பை என்ன செய்ய வேண்டும் என்பதைக் கிங் காங் அவருக்கு எத்தனையோ இரவுகள் செய்து காட்டியிருக்கிறார்.

அன்புடன்.